வீடு தேடி வரும் மருத்துவ ஆய்வு: எதில் சேரலாம், எதை விடலாம்?

எங்கள் சிகாமட் வட்டாரத்தில் ஆய்வுக்காரர்கள் கேட்டுக்கு வெளியே நின்று குரல் கொடுப்பது புதிதல்ல. மோனாஷ் பல்கலைக்கழக மலேசியா 2011-ல் இங்கே 'சியாக்கோ' என்ற சமூகக் கண்காணிப்பு மையத்தைத் தொடங்கியது. சாஆ, பெக்கோக் போன்ற எஸ்டேட் டவுன்களையும் சேர்த்து மாவட்டத்தின் ஐந்து முக்கிம்களில் (உட்பிரிவுகளில்) சுமார் 40,000 பேரின் உடல்நலத்தை அது பின்தொடர்கிறது. அது போக, சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வுக்காரர்களும் சில வருடங்களில் வருகிறார்கள். கோயில் மண்டபத்தில் நடைப்பயிற்சித் திட்டம் என்று பெயர் எழுதச் சொல்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டரே, "ஒரு புது மருந்து ஆய்வு இருக்கு, சேர்றீங்களா?" என்கிறார்.

நம் ஆட்கள் இதையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறார்கள். சிலர் யார் வந்தாலும் நாற்காலி போட்டு உட்கார வைத்து, கேட்ட இடத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். சிலர் ஃபைலைப் பார்த்ததுமே இன்சூரன்ஸ்காரன் என்று நாயை அவிழ்த்து விடுகிறார்கள். வருகிற ஒவ்வொன்றும் நம்மிடம் கேட்பது வேறு, திருப்பித் தருவது வேறு. எடை போட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் ஒன்று. சும்மா ரத்தம் டெஸ்ட் பண்ணித் தருவார்கள் என்பதற்காக ஆய்வில் சேர்வதாக இருந்தால் வேண்டாம். அதற்கு வேறு வழி இருக்கிறது, அதுதான் நல்ல வழியும்கூட. 2019-ல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தில், எஸ்.டி.ஆர். என்ற அரசாங்க உதவித்தொகை வாங்குகிறவர்களுக்கும் அவர்களின் கணவன் அல்லது மனைவிக்கும், 40 வயது ஆகியிருந்தால், உடல் பரிசோதனை இலவசம். மைகார்டை எடுத்துக்கொண்டு, திட்டத்தில் பதிந்துள்ள கிளினிக்குக்குப் போனால் போதும். நம் டவுன் தனியார் கிளினிக்குகளில் சிலவும் அதில் இருக்கும். ரத்தம், சிறுநீர், ரத்த அழுத்தம், எடை எல்லாம் பார்ப்பார்கள். இரண்டாவது முறை வரச்சொல்லி, டாக்டர் முடிவை விளக்குவார். சம்பளத்தில் பெர்கேசோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிதி) பிடிக்கிற வேலையில் இருப்பவர்களுக்கு 2013-லிருந்து தனிப் பரிசோதனைத் திட்டம் இருக்கிறது, அதற்கும் 40 வயது ஆகியிருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டி அரசாங்க கிளினிக்கில் பார்க்கலாம்.

இவை உங்களுக்காகவே நடப்பவை. ஆய்வின் கேள்வி உங்களைப் பற்றியது இல்லை, உங்களைப் போன்ற ஆயிரம் பேரைப் பற்றியது. இந்த வித்தியாசம் மனதில் இருந்தால் பாதி ஏமாற்றம் குறையும்.

வீட்டு முன்வாசல் ஐந்தடியில் நடக்கும் ஒரு காட்சியைச் சொன்னால் புரியும். மத்தியானம் மூன்று மணி. அந்த அம்மா அப்போதுதான் பால் கோப்பி குடித்து, க்ரீம் கிராக்கர்ஸ் இரண்டை அதில் நனைத்துச் சாப்பிட்டு முடித்திருக்கிறார். ஆய்வுக்கு வந்த பெண் விரலைத் துடைத்து, குத்தி, ஒரு சொட்டை அட்டையில் வைக்கிறாள். மெஷின் 12.4 (மில்லிமோல் கணக்கில்) காட்டுகிறது. "எனக்கு இனிப்புநீர் இருக்காம்மா?" என்று கேட்டால் அவளால் பதில் சொல்ல முடியாது. "ஆண்டி, இது ஒரு ரீடிங்தான். கிளினிக்குல போயி மறுபடி எடுத்துப் பாருங்க" என்று சொல்லி ஒரு கடிதத்தைக் கொடுப்பாள். அவள் சொல்வது சரி. சாப்பிட்ட பிறகு எடுத்தால் 11.1, வெறும் வயிற்றில் எடுத்தால் 7.0 என்ற எல்லைகளை வைத்துத்தான் டாக்டர்கள் பார்க்கிறார்கள். அதற்கும் நரம்பிலிருந்து எடுத்த ரத்தம் வேண்டும். உடம்பில் அறிகுறி எதுவும் இல்லையென்றால் இன்னொரு தடவையும் எடுத்து உறுதி செய்வார்கள். மூன்று மாத சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனைக்கு நம் நாட்டு வழிகாட்டியில் எல்லை 6.3 சதவீதம். விரல் நுனிச் சொட்டு சந்தேகத்தைக் கிளப்பும், அவ்வளவுதான். அப்புறம் அந்தக் கடிதம் முருகன் காலண்டருக்குப் பின்னால் போய்ச் சொருகிக்கொண்டால், ஆய்வுக்கு ஒரு எண் கிடைத்தது, அந்த அம்மாவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

சரி, இனி ஆய்வுகளுக்கு வருவோம்.

தேசிய சுகாதார ஆய்வைப் பற்றி அதிகம் யோசிக்கத் தேவையில்லை. 1986-ல் தொடங்கியது. முதலில் பத்து வருடத்துக்கு ஒருமுறை நடந்தது, 2011-க்குப் பிறகு அடிக்கடி நடக்கிறது. நாமாகப் போய்ச் சேர முடியாது. வீடுகளைக் குலுக்கல் முறையில் அவர்களே தேர்ந்தெடுப்பார்கள். ஒரு நாள், சில கேள்விகள், ஒரு விரல் குத்தல், முடிந்தது. உங்கள் வீடு விழுந்தால் சேர்ந்துவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் உங்களுக்குப் பதிலாக உட்கார முடியாது. நீங்கள் மறுத்தால் அந்த இடம் காலியாகத்தான் இருக்கும்.

அந்த ஆய்வு நமக்குக் கொடுத்தது பெரிய விஷயம். 2019-ல் நாட்டுப் பெரியவர்களில் 18.3 சதவீதத்தினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் பார்த்தால் 31.4 சதவீதம். கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர். ஆனால் அதற்கு மேல் அந்த ஆய்விடம் கேட்டால் அது பாவம் திணறும். மக்கள்தொகையில் நாம் ஏழு சதவீதத்துக்கும் கீழே. பத்தாயிரம் பேரைக் குலுக்கி எடுத்தால் அறுநூறு, எழுநூறு இந்தியர்கள் வருவார்கள். அதில் பங்சார் வக்கீலும் இருப்பார், கிள்ளான் லாரி டிரைவரும் இருப்பார். எஸ்டேட் லயத்திலிருந்து தாமான் வீட்டுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் எத்தனை? அவர்களில் செம்பனைக் குலை சுமந்த காலத்தில் இல்லாத நோய், செக்யூரிட்டி வேலைக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு எத்தனை பேருக்கு வந்தது? ஒரு நாள் எடுத்த படத்தில் இதெல்லாம் தெரியாது.

அதனால்தான் நீண்டகாலப் பின்தொடர்வு ஆய்வுகளை நான் தனியாக, கொஞ்சம் உயரத்தில் வைக்கிறேன். நாட்டில் இந்த வகையில் பெரியது மலேசியன் கோஹார்ட். மலேசிய தேசியப் பல்கலைக்கழகம் 2006-லிருந்து 2012 வரை 35 முதல் 70 வயது வரையிலான 106,527 பேரைச் சேர்த்து, அவர்களின் ரத்தத்தையும் சிறுநீரையும் சேமித்து, பிறகு திரும்பக் கூப்பிட்டுப் பார்த்து வருகிறது. அது நாடு முழுவதற்குமானது. எங்கள் பக்கத்து சியாக்கோ ஒரே மாவட்டத்தைப் பார்க்கிறது. மலாய்க்காரர், சீனர், இந்தியர், பூர்வகுடியினர் நாலு தரப்பும் இருக்கிற மாவட்டம் என்பதால், யாருக்கு எந்த நோய் எப்போது வருகிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். எஸ்டேட் டவுன் இதற்குத் தோதான இடம்.

இதற்கு நீங்கள் கொடுக்கும் விலை ரத்தம் இல்லை. ரத்தம் கொஞ்சம்தான் எடுப்பார்கள். விலை, கேள்விகள். வீட்டில் எத்தனை பேர், யாருக்கு என்ன வருமானம், யார் குடிக்கிறார்கள், மனசு எப்படி இருக்கிறது, தூக்கம் வருகிறதா என்று கேட்பார்கள். சில வருடம் கழித்து வந்து மறுபடியும் அதையே கேட்பார்கள். கேட்கிறவர் பெரும்பாலும் உள்ளூர்க்காரர். மொழி தெரியும், பாதை தெரியும் என்பதால் அப்படி அமர்த்துகிறார்கள், அது நல்லதுதான். ஆனால் இங்கே இரண்டே தெரு, ஒரு கோயில், ஒரு மளிகைக் கடை. உங்கள் மகன் சம்சு குடிப்பதை எழுதிக்கொண்டு போகிற பெண், உங்கள் சம்பந்தி வீட்டுக்குப் பக்கத்தில் குடியிருப்பாள். அவள் வாயைத் திறக்கக் கூடாது என்ற உறுதிமொழி இருக்கும். இருந்தாலும் உங்களுக்கு மனம் ஒப்பவில்லையென்றால், "வேற ஏரியா ஆளை அனுப்புங்க" என்று கேட்கலாம், தப்பே இல்லை. பிடிக்காத கேள்வியை விட்டுவிடச் சொல்லவும் உரிமை உண்டு. எங்கள் ஆட்கள் இந்த இரண்டையும் செய்வதில்லை. பொய் சொல்லிவிடுகிறார்கள். வருமானத்தைக் குறைத்துச் சொல்வது, குடியை மறைப்பது. அப்படிச் சொல்வதற்கு மறுப்பதே மேல். பொய்யான பதில் இல்லாத பதிலைவிட ஆய்வைக் கெடுக்கும்.

இன்னொரு குறையும் உண்டு. பல வருடங்களுக்கு முன் எங்கள் தாமானுக்கு ஒரு குழு வந்தது, யார் என்பது இங்கே வேண்டாம். இடுப்பு அளந்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், முடிவைத் தபாலில் அனுப்புவதாகச் சொன்னார்கள். வரவில்லை. கேட்பதற்குக் கையில் ஒரு போன் நம்பர்கூட இல்லை. எங்கள் தெருவில் ஆய்வு என்றாலே முகம் சுளிக்க அது ஒன்றே போதுமானதாக இருந்தது. பின்தொடர்வு ஆய்வில் இந்த ஆபத்து குறைவு, ஏனென்றால் அவர்கள் மறுபடியும் அதே கேட்டுக்கு வந்து நிற்க வேண்டியவர்கள்.

நடைப்பயிற்சி, எண்ணெய் குறைப்பது, சோற்றின் அளவைக் குறைப்பது போன்ற சமூகத் திட்ட ஆய்வுகள் மூன்று, ஆறு மாதம் ஓடும். துணைக்கு ஆள் கிடைத்தால்தான் நடப்பேன் என்பவர்களுக்கு நல்லது. இதில் ஒரு நெளிவு இருக்கிறது. உங்கள் தாமானுக்கு வகுப்பு, அடுத்த தாமானுக்கு வெறும் துண்டுப்பிரசுரம் என்று குலுக்கல் போட்டுப் பிரிப்பார்கள், வித்தியாசம் தெரிய வேண்டுமே. துண்டுப்பிரசுரம் விழுந்த தாமானில் கோபம் வரும். திட்டம் முடிந்ததும் மண்டபத்துக் கதவும் பூட்டிக்கொள்ளும். அந்த ஆறு மாதத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள், அதையே நம்பி இருக்காதீர்கள்.

மருந்து ஆய்வு முற்றிலும் வேறு கதை. புது மருந்து ஒரு பக்கம், பழைய மருந்தோ மருந்தே இல்லாத வெறும் மாத்திரையோ இன்னொரு பக்கம். உங்களுக்கு எது விழும் என்று பெரும்பாலும் டாக்டருக்கும் தெரியாது. இதற்காக அரசாங்கமே 2012-ல் கிளினிக்கல் ரிசெர்ச் மலேசியா என்ற நிறுவனத்தை அமைத்து, வெளிநாட்டு மருந்து நிறுவனங்களின் ஆய்வுகளை நம் ஆஸ்பத்திரிகளுக்குக் கொண்டுவருகிறது. இன்னும் பதிவாகாத மருந்தை ஆய்வுக்குக் கொண்டுவர தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் அனுமதி வேண்டும். ஆய்வால் உடம்புக்குக் கெடுதி வந்தால் யார் செலவை ஏற்பது என்பது தகவல் தாளில் எழுதியிருக்க வேண்டும்.

எலிப் பரிசோதனை என்று பயந்து ஓட வேண்டியதில்லை, காவல் நிறையவே இருக்கிறது. என் தயக்கம் வேறு. எஸ்டேட் டவுனிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் குறித்த நாளில் அடிக்கடி போக வேண்டும். போக்குவரத்துப் பணம் தருவார்கள், நாள் சம்பளம் போவதற்கு அது ஈடாகாது. மகன் லீவு போட்டுக் காரில் கொண்டுபோக வேண்டும். பாதியில் விட்டால் இரண்டு பக்கமும் நஷ்டம். இருக்கிற மருந்துக்கு நோய் அடங்காதவர், கொண்டுபோக ஆள் உள்ளவர், தன் நோயைப் பார்க்கும் டாக்டரிடம் தனியாகக் கலந்து பேசியவர், இந்த மூன்றும் பொருந்தினால் யோசிக்கலாம். ஆய்வு முடிந்த பிறகு அந்த மருந்து தொடர்ந்து கிடைக்குமா என்று கட்டாயம் கேளுங்கள். நல்ல மருந்தை ஒரு வருடம் ருசி காட்டிவிட்டு நிறுத்துவது சின்ன விஷயம் இல்லை.

இங்கே கொஞ்சம் பழைய கதை. இந்த மண்ணில் மருத்துவ ஆய்வு நூறு வருடத்துக்கு முன்பே நடந்திருக்கிறது, அதில் நம் சோறும் சம்பந்தப்பட்டது. சத்துக்குறைவால் வரும் பெரிபெரி நோயால் மலாயாவில் கூலிகள் கால் வீங்கிச் செத்துக்கொண்டிருந்த காலம். நெகிரி செம்பிலானில் இருந்த பிராடன் என்ற டாக்டர், தமிழர்களுக்கு மட்டும் அது அரிதாக வருவதைக் கவனித்தார். நம் ஆட்கள் சாப்பிட்டது புழுங்கல் அரிசி, மற்றவர்கள் சாப்பிட்டது தீட்டிய பச்சரிசி. 1905-ல் பிளெட்சர் என்ற டாக்டர் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் இருந்தவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பச்சரிசியும் மறுபாதிக்குப் புழுங்கல் அரிசியும் போட்டுப் பார்த்தார். பச்சரிசிப் பக்கத்தில் பலருக்கு நோய் வந்தது, சிலர் இறந்தார்கள். உலகத்துக்கு அதனால் பெரிய பாடம் கிடைத்தது. அந்த விடுதியில் இருந்தவர்களிடம் ஒப்புதல் கேட்கும் வழக்கமே அப்போது இல்லை. இன்று நீட்டுகிறார்களே நாலு பக்கத் தாள், அது அந்த இடைவெளியை அடைக்க வந்தது.

ஆகவே அந்தத் தாளை நின்றபடியே கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள். வாங்கி வையுங்கள், மகளிடம் காட்டுங்கள், மறுநாள் வரச் சொல்லுங்கள். மலாயில் இருந்தால் தமிழ்த் தாள் கேளுங்கள். உங்களுக்குப் புரிகிற மொழியில் விளக்குவது அவர்கள் கடமை. படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வைச் சேராத ஒரு சாட்சி பக்கத்தில் இருந்து முழுவதையும் கேட்டு, அவரும் கையெழுத்துப் போட வேண்டும். அமைச்சின் ஆஸ்பத்திரி, கிளினிக்குகளில் நடக்கும் ஆய்வு என்றால் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் எண் இருக்கும், என்.எம்.ஆர்.ஆர். என்று தொடங்கும். பல்கலைக்கழக ஆய்வு என்றால் அவர்களின் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் எண் இருக்கும். ஆய்வாளருடைய நம்பரும் அந்தக் குழுவின் நம்பரும் இரண்டுமே தாளில் இருக்க வேண்டும். எங்கள் தெருவுக்கு அன்று வந்தவர்களிடம் இல்லாமல் போனது இதுதான்.

பெரும்பாலும் மூன்றாவது பக்கத்தில், பொடி எழுத்தில், ஒரு சின்னக் கட்டம் இருக்கும்: எடுத்த ரத்தத்தைச் சேமித்து வைத்து வருங்கால ஆய்வுகளுக்குப் பயன்படுத்தலாமா, ஆம், இல்லை. நிறைய பேர் அதைப் பார்ப்பதே இல்லை, ஆய்வுக்காரரே 'ஆம்' பக்கம் பேனாவைக் காட்டுவார். அதற்கு 'இல்லை' போட்டுவிட்டும் ஆய்வில் சேர முடியுமா என்று கேளுங்கள், பல ஆய்வுகளில் முடியும். உங்கள் விவரம் யாருக்குப் போகும் என்பதையும் அந்தத் தாளிலேயே தேடுங்கள். 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகம் சார்ந்த விவரங்களுக்கானது, மத்திய மாநில அரசாங்கங்களுக்குப் பொருந்தாது. எழுத்தில் கொடுத்த வாக்குத்தான் உங்கள் பிடி.

யார் கூட்டி வருகிறார்கள் என்பதையும் பாருங்கள். கங்காணி, கிராணி, மண்டோர் என்று சொன்னதற்கெல்லாம் தலையாட்டி வளர்ந்த தலைமுறை நம்முடையது. மேனேஜரோ கோயில் தலைவரோ பக்கத்தில் நின்றால் வாய் தானாக 'சரி' என்றுவிடும். அவரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுப் பேசுங்கள். நல்ல ஆய்வுக்காரர் அதை அவராகவே செய்வார். மறுத்தால் கிளினிக்கில் மருந்து தர மாட்டார்கள் என்று யாராவது சொன்னால், அது பொய்.

இன்சூரன்ஸ் எடுக்கும் யோசனையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆய்வில் நோய் இருப்பது தெரிந்துவிட்டால், பிறகு பாரத்தில் கேட்கும்போது தெரியாது என்று எழுத முடியாது. இதற்காகப் பரிசோதனையையே தள்ளிப்போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். 2019 கணக்கில் பெரியவர்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவருக்கு இனிப்புநீர் இருந்த ஒரு சமூகத்தில் அது கெட்டிக்காரத்தனமாக எனக்குப் படவில்லை, டயாலிசிஸ் செலவு எந்தப் பிரீமியத்தையும்விடப் பெரிது.

என்னைக் கேட்டால் வரிசை இப்படி. 40 வயதைத் தாண்டியவர் முதலில் பெக்கா பி40-ஐயோ பெர்கேசோவையோ முடித்துவிட்டு, தன் எண்கள் தெரிந்த பிறகு பின்தொடர்வு ஆய்வில் சேரட்டும். இளம் பிள்ளைகளும் சேரலாம். 18 வயது ஆகவில்லையென்றால் பெற்றோர் கையெழுத்து வேண்டும். நடைப்பயிற்சித் திட்டம் நேரம் இருப்பவர்களுக்கு. மருந்து ஆய்வு கடைசியில், டாக்டரிடம் பேசிய பிறகு.

சேர்ந்த பிறகு எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. மருந்து ஆய்வில் மட்டும் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தாமல் முதலில் ஆஸ்பத்திரியைக் கூப்பிடுங்கள். அதுவரை கொடுத்த விவரங்களை அவர்கள் வைத்துக்கொள்வார்களா, சேமித்த ரத்தத்தை அழிக்கச் சொல்ல முடியுமா என்பது ஆய்வுக்கு ஆய்வு மாறும், அதையும் சேரும்போதே கேட்டுவிடுவது நல்லது. விலகுவதும் வீடு மாறிப் போவதும் ஒன்றில்லை. எங்கள் பக்கத்திலிருந்து வேலை தேடி ஜோகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் போகிற குடும்பங்கள் போன் நம்பரையும் மாற்றிக்கொண்டு போய்விடுகின்றன. ஆய்வுக்காரர்கள் வந்து பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். தொடர விருப்பம் இருந்தால், தாளில் உள்ள நம்பருக்கு வாட்ஸ்அப்பில் புது முகவரியை அனுப்பிவிடுங்கள்.